மற்றும் பலர் என்கிற நான்

என் பெயர் மற்றும் பலர். ஏழுமதகு ஒலிநாடக நிலையத்தில் கூட்டமாக வேலை பார்க்கிறேன். இருபத்திரண்டு வருடம்.

பிறந்தபோது வேறு பெயர் இருந்தது. வேலையில் சேர்ந்த அன்று அதை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். ரசீது கொடுத்தார்கள். ரசீதிலும் மற்றும் பலர் என்றுதான் எழுதியிருந்தது.

எங்கள் நிலையத்தில் எது ஒலிப்பதிவாகிறதோ அதுதான் நடந்தது. ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. போன ஐப்பசியில் ஒரு பட்டாபிஷேகத்தை மறுபடி பதிவு செய்தோம். மறுநாள் காலை கடைத்தெருவில் எல்லார் தலையிலும் அட்சதை இருந்தது. தட்டிவிட்டுக் கடை திறந்தார்கள்.

காட்டுக்குப் போன இளவரசனை ஆற்றங்கரை வரை அழுதுகொண்டே வழியனுப்பியது நான். ஒரு நகரம் எரிந்தபோது அந்த நகரம் முழுக்க ஓடியது நான். உப்பெடுக்க நடந்தவர்களின் பின்னால் மணலில் கேட்ட காலடி நான். ராஜாக்களுக்கு 'வாழ்க' சொன்னது மட்டும் ஆயிரத்து நூறு தடவை இருக்கும். என் வாயால் வாழ்த்து வாங்கிய ஒரு ராஜாவும் சோடை போனதில்லை.

மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றால் ஒருவன். மூன்று முழம் தள்ளி, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டால் இருபது பேர். கதவுப் பக்கம் திரும்பி, 'கொத்தவரங்காய் கொத்தவரங்காய்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஒரு காலைத் தரையில் தேய்த்தால் நூறு பேர். அதற்கு மேல் வேண்டுமென்றால் மனதில் பெருமை வேண்டும். எனக்கு இருந்தது.

என் மனைவி செண்பகவல்லி எல்லா நாடகத்தையும் ரேடியோவில் கேட்பாள். கதாநாயகி அழுவதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை. கூட்டத்தை மட்டும் எண்ணுவாள்.

"நேத்து எழுபத்தினாலு பேருங்க. கடைசி வரிசையில ஒருத்தருக்கு ஜலதோஷம்."

சரியாக இருக்கும்.

வியாழக்கிழமை காலை நிலையத்துக்குள் நுழைந்தபோது நடைபாதையில் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. எனக்கு உடனே புரிந்துவிட்டது.

நான் இல்லாமல் ஆரம்பித்துவிட்டார்கள்.

*

அன்றைய நாடகம் 'கரைமேல் ஊர்'. இருநூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர் ஏரியில் நடந்தது. எதிரிப் படை பள்ளத்தில் கூடாரம் அடித்திருந்தது. ஏரிக்கரையை வெட்டிவிட்டால் படை மூழ்கிவிடும். படைக்கும் ஏரிக்கும் நடுவில் எங்கள் ஊர் இருந்தது. ராஜா அதைக் கவனிக்கவில்லை. "கரையை வெட்டுங்கள்" என்றார். கரைமேல் நின்ற ஊரார் நானூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு சொல் சொன்னார்கள்.

"மாட்டோம்."

ராஜா திரும்பிப் போனார். ஊர் இன்றைக்கும் இருக்கிறது.

நாடகத்தில் எனக்கு அந்த ஒரு சொல்தான். ஆனால் அது என்ன சொல்! இருபத்திரண்டு வருடமாகக் கூட்டத்துக்குக் கொடுத்த வசனம் மூன்றுதான். வாழ்க. ஐயோ. ஓடுங்கள். முதல் தடவையாகக் கூட்டம் முடியாது என்று சொல்லப் போகிறது. மூன்று மாதம் அந்தச் சொல்லைக் குளியலறையில் பழகினேன். தாழ்ப்பாள் இரண்டு முறை கழன்று விழுந்தது.

ஒலிப்பதிவுக் கூடத்து வாசலில் தயாரிப்பாளர் பத்மாசனி அம்மா நின்றுகொண்டிருந்தார். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தார். ராஜாவின் வாயில் பேச்சுத் தமிழ் வந்தால் ஒத்திகையையே நிறுத்திவிடுகிற ஆள்.

"கூட்டம், அங்கயே நில்லு."

"டேக் போயிட்டிருக்காம்மா?"

"முதல் டேக் முடிஞ்சு போச்சு."

"நான் இல்லாமலா?"

"நீ இருக்கியாங்கறதே சந்தேகமாம். மேலிடத்துலேர்ந்து கடிதாசு வந்திருக்கு."

வாங்கிப் படித்தேன். 'தங்கள் நிலையத்தின் நடிகர் பட்டியலில் பலர் எனக் காட்டப்பட்டுள்ள நபர் ஒருவரே எனத் தெரிய வருகிறது. பலர் என்பது பன்மை. பன்மைப் பிரிவிடமிருந்து உரிய சான்று பெறும் வரை மேற்படி ஒருவரைக் கூட்டமாகப் பயன்படுத்தலாகாது.'

"நான் நானூற்றுப் பன்னிரண்டு பேரும்மா."

"எனக்குத் தெரியாதா? எழுதி வாங்கிட்டு வா."

"முதல் டேக்ல என்ன ஆச்சு?"

"ராஜா வெட்டுங்கள்னாரு. யாரும் ஒண்ணும் சொல்லல. வெட்டிட்டாங்க." பத்மாசனி அம்மா தன் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு குரவை மீன் இரண்டு பேர் காலுக்கும் நடுவில் போனது.

எங்கள் எந்திரம் ஆரம்பித்தால் நிற்காது. மணிக்கு ஒரு டேக். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. முதல் மூன்றும் சரிசெய்யலாம். நான்காவது டேக் நேரே காற்றில் போய்விடும். வரலாறு அதைத்தான் எடுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் யார் வந்தாலும் மாற்ற முடியாது.

பன்னிரண்டு மணிக்குள் நான் பலர் ஆக வேண்டும். இல்லாவிட்டால் இருநூறு வருடத்துக்கு முன்னாலேயே எங்கள் ஊர் மூழ்கிப் போயிருக்கும்.

ஓடினேன்.

*

பன்மைப் பிரிவு நடைபாதையின் கடைசியில் இருந்தது. நடைபாதை அன்றைக்கு ஐந்து அங்க நாடகத்தின் நீளம் இருந்தது.

முதல் அங்கத்தில் இடது பக்கம் ஒருமைப் பிரிவு. உள்ளே ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, ஒரு ஆள். என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அவருக்கு ஒன்றுதான் இருந்தது.

இரண்டாம் அங்கத்தில் கேன்டீன். ராஜா வேஷம் கனகசபை உட்கார்ந்திருந்தார். மூன்று நாற்காலிகளில். முப்பது வருடமாக 'நாம்', 'நமது', 'நமக்கு' என்றே பேசிப் பேசி மூன்று பேர் ஆகிவிட்டவர். அவரிடம் யாரும் சான்று கேட்பதில்லை. கேட்கப் போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

"அடேய் கூட்டம்! நமக்கு மூன்று டீ சொல்."

"நேரமில்ல ராஜா. உங்க வீடு கீழத்தெருதானே?"

"ஆம்."

"அங்க தண்ணி ஏறுது."

"அறிவோம். நாமே வெட்டச் சொன்னோம். நமது பீரோ மிதக்கிறதாம்." மூவரில் இடது ஓரத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அடுத்த டேக்ல வெட்டச் சொல்லாதீங்க."

"வசனம் அப்படி. யாரேனும் எதிர்த்தால் திரும்பிவிடுவோம். எதிர்க்க ஆள் இல்லாமல் நாமாகத் திரும்பினால் கோழை என்பார்கள்." அவர் டீயை மூன்று முறை ஊதினார். "சீக்கிரம் வாடா. நமக்குத் தோற்க வேண்டும்போல் இருக்கிறது."

பத்து மணிக்கு அவர் எழுந்து கூடத்துக்குப் போனார். நான் மூன்றாம் அங்கத்தைத் தாண்டும்போது தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இரண்டாவது டேக் முடிந்துவிட்டது.

*

பன்மைப் பிரிவில் எழுத்தர் இருதயராஜ் மேஜைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வரலாம்," என்றார். "உக்காரலாம்."

"எங்க?"

"அது அவரவர் வசதி."

"ஏன் சார் ஒரு மாதிரியா பேசறீங்க?"

"ஒருத்தரைப் பார்த்து நீன்னு சொன்னா மனசு நோகும். அந்த இன்னொண்ணைச் சொன்னா சான்று ஆயிடும். இந்த சீட்ல பதினாறு வருஷம். யாரையும் ரெண்டும் சொன்னதில்ல. வீட்ல சம்சாரத்தைக்கூட 'சாப்பிடலாமா'ன்னுதான் கேக்கறது."

படிவம் ஒன்றை நீட்டினார். முதல் வரியில் 'விண்ணப்பதாரர்(கள்)' என்று இருந்தது. பக்கத்திலேயே 'தேவையற்றதை அடிக்கவும்'.

"எத்தனை பேர்?"

"நானூற்றுப் பன்னிரண்டு."

என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மத்தவங்க வெளிய நிக்கறாங்களா?"

"எல்லாரும் உள்ளதான் இருக்கோம்."

"எங்க உள்ள?"

நான் நெஞ்சைத் தொட்டேன். அவர் அதைப் படிவத்தில் எழுதப் பார்த்தார். இடம் இல்லை.

நான் கதவுப் பக்கம் திரும்பினேன். கன்னத்தில் கை வைத்தேன். ஒரு 'வாழ்க' விட்டேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேஜைமேல் இருந்த ஊசி டப்பா தானாக நகர்ந்து விளிம்புக்குப் போய் நின்றது. இருதயராஜ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் கை அவரை அறியாமல் ஆசீர்வாதம் செய்வதுபோல் உயர்ந்தது.

"பிரமாதம்," என்றார். "நூத்தி எட்டு பேர் இருக்கும். ஆனா காதால கேட்டது செல்லாது. இலக்கணம் வேணும்."

"என்ன இலக்கணம்?"

"தமிழ்ல ஒத்தை ஆள் பன்மையாகறதுக்கு ஒரே வழிதான். மரியாதை. 'வந்தான்'னா ஒருத்தன். 'வந்தார்'னாலும் ஒருத்தர்தான், ஆனா விகுதி பலர்பால் விகுதி. அந்த மாதிரி யாராவது ஒருத்தர் மனசார மரியாதை குடுத்து, அந்த இன்னொண்ணைச் சொல்லிக் கூப்பிட்டா போதும். கூப்பிட்ட நிமிஷமே பலர்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கேட்டு வாங்கக் கூடாது. பயத்துல சொன்னா செல்லாது. வசனத்துல வர்றது செல்லவே செல்லாது."

"வீட்ல என் சம்சாரம் வாங்க போங்கன்னுதான் பேசுவா."

"அது வழக்கப் பன்மை. அதை ஒத்துக்கிட்டா ஊர்ல கல்யாணம் ஆன ஆம்பளை எல்லாம் ரெண்டு ரெண்டா நிப்பான். பாய் பத்தாது."

"வசனத்துல சொன்னதா, மனசுல சொன்னதான்னு எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?"

"சுலபம். 'நீங்கள்'னா எழுத்து. கடைசியில இருக்கற அந்த ள் விழுந்து 'நீங்க'ன்னு வந்தா..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். வியர்த்துவிட்டது. "சுவரைப் பார்த்துச் சொன்னதா வெச்சுக்கலாம். ள் விழுந்தா மனசு. அவ்வளவுதான் விஷயம்."

சுவர் லேசாக அகலமானது.

"இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தர்கூடவா கூப்பிடல?" என்றார்.

நினைத்துப் பார்த்தேன். பத்மாசனி அம்மா 'நில்லு' என்பார். ராஜா 'அடேய்' என்பார். வாட்ச்மேன் 'யோவ்' என்பார். கேன்டீன்காரர் 'அண்ணே' என்பார். நிமிர்ந்து பார்ப்பதற்குள் 'உனக்கு என்ன?' என்றுவிடுவார். நான் இதையெல்லாம் கவனித்ததில்லை. கூட்டத்தை யாரும் வாங்க என்று கூப்பிடுவதில்லை. கூட்டம் தானாக வரும்.

"இல்ல சார்."

"அப்ப சான்று வர்ற வரைக்கும் அடிச்சு வெக்கணும். விதி."

பேனாவை எடுத்தார். 'விண்ணப்பதாரர்(கள்)' என்பதில் கடைசி இரண்டு எழுத்தின்மேல் ஒரு கோடு இழுத்தார். எனக்கு ஒரு கடைவாய்ப் பல் விழுந்ததுபோல் இருந்தது.

"சான்று கிடைச்சா கொண்டு வரலாம். கள் முத்திரை பீரோவுல இருக்கு."

"எதுக்கு பீரோவுல பூட்டணும்?"

"வெளிய வெச்சா பேரைப் பார்த்துட்டு நக்கிப் பாக்கறாங்க."

வெளியே வந்தேன். பழக்கத்தில் என் வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன்.

"மாட்டேன்."

மறுபடி சொன்னேன்.

"மாட்டேன்."

வேறு சொல் முயன்றேன். போவோம் என்று நினைத்தேன். 'போவேன்' என்று வந்தது. நிற்போம் என்று நினைத்தேன். 'நிற்பேன்.' அடித்த கோடு என் நாக்கு வரை வந்துவிட்டது. ஓம் என்று முடிகிற எதுவும் என் வாயில் இல்லை.

*

நான் திரும்பும்போது நடைபாதை ஏழு அங்கம் ஆகியிருந்தது. பாதியில் பதினொரு மணி அடித்தது. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. மேலே ஒரு பீரோ மிதந்து போனது. கதவில் கிரீடம் வரைந்திருந்தது.

கூடத்துக்குப் பக்கத்து அறையில் தாவூது இருந்தான். ஓசை அவன் வேலை. குதிரை, இடி, பாயசம் கொதிப்பது, எல்லாம் அவன் கை. இப்போது ஒரு தொட்டிக்குமுன் ஸ்டூல்மேல் குந்தியிருந்தான். கையில் பிளாஸ்டிக் மக்கு.

"வா மாப்ள," என்றான். "நான் ஊத்தறது ஒரு மக்கு தண்ணி. வெளிய போறது ஒரு ஏரி. என்ன தொழில்டா இது?"

"ஊத்தாம இரேன்."

"'ஊத்து'ன்னு கியூ வருது. கை தானா சாயுது." அவன் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு காட்டினான். "தங்கச்சி செண்பகவல்லி மொட்டை மாடிக்குப் போயிருச்சாம். ரேடியோவையும் தூக்கிட்டுப் போயிருச்சு. கூட்டம் எப்ப வரும்னு கேட்டு விட்டிருக்கு."

நான் படிவத்தைக் காட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் மக்கைத் தொட்டியில் போட்டான்.

"இவ்வளவுதானா? நான் சொல்றேன்."

"கேட்டு வாங்கினா செல்லாது."

"நீ எங்க கேட்ட? நானா குடுக்கறேன்." ஸ்டூலிலிருந்து இறங்கினான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். கையைக் கூப்பினான். "வாங்க மாப்ள. நீங்க..."

அதற்குமேல் அவனால் முடியவில்லை. பக்கென்று சிரித்துவிட்டான். நானும் சிரித்துவிட்டேன். சுவரில் என் நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் வந்தது. சிரிப்பு இருந்த வரை இருந்தது. பிறகு போய்விட்டது.

"வர மாட்டேங்குதுடா," என்றான். கண்ணில் தண்ணீர். "உன்னைப் போய் எப்படிடா?"

அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாசம் ஒருமையில்தான் வரும்.

"பத்மாசனி அம்மாகிட்ட கேளேன்."

"கேட்டா செல்லாது."

"செல்லும்னா கேப்பியா?"

"மாட்டேன்."

அந்தச் சொல் மட்டும் நன்றாக வந்தது.

*

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம். கூடத்துக்குள் நுழைந்தேன். தண்ணீர் நெஞ்சு வரை இருந்தது. பத்மாசனி அம்மா நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தார். கனகசபை பிரதியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு மைக்கின் முன்னால் மூவராக நின்றார்.

"சான்று?" என்றார் பத்மாசனி அம்மா.

படிவத்தைக் காட்டினேன். நனைந்து போயிருந்தது. அடித்த கோடு மட்டும் கலையவில்லை.

"அடிச்சுட்டாங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப நீ ஒருத்தன்தான்."

"ஆமாம்மா."

"இந்தக் காட்சியில ஒருத்தனுக்கு வசனமே இல்ல. வெளிய போயி நில்லு."

"மாட்டேன்."

பத்மாசனி அம்மா என்னைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் கூட்டம் அவரிடம் முடியாது என்று சொன்னதில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. விளக்கு எரிந்தால் தயாரிப்பாளரும் பேசக் கூடாது.

நான்காவது டேக்.

நான் கதவுப் பக்கம் போகவில்லை. மூன்று முழம் தள்ளி நிற்கவில்லை. நேரே மைக்கின் முன்னால் போய் ஒரு சாண் தூரத்தில் நின்றேன். ஒருவன் நிற்கிற இடம். அதுவரை அங்கே நின்றதே இல்லை. மைக்கில் பித்தளை வாசனை அடித்தது. எதிரே ராஜா. நடுவில் தண்ணீர்.

"கரையை வெட்டுங்கள்!" என்றார் கனகசபை. முப்பது வருடத்துக் குரல். கூரையில் பட்டுத் திரும்பியது. "நாம் ஆணையிடுகிறோம்!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாவூதின் கை மக்கோடு மெல்லச் சாய்ந்தது.

எனக்கு எல்லாம் நினைவு வந்தது. எரிந்த நகரத்தில் நான் ஓடியிருக்கிறேன். ஆற்றங்கரையில் அழுதிருக்கிறேன். ஆயிரத்து நூறு ராஜாக்களை வாழவைத்திருக்கிறேன். ஒரு தடவையும் ஒருவர்கூட என் முகத்தைப் பார்த்ததில்லை. பரவாயில்லை. முகமா முக்கியம்?

"மாட்டேன்," என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஒரு சாண் தூரத்துக்கு அது போதும்.

தாவூதின் கை நின்றது. ராஜாவின் அடுத்த வசனம் 'யாரடா நீங்கள், நம்மை எதிர்த்து நிற்க?' என்பது. எனக்கு மனப்பாடம். கனகசபை பிரதியைப் பார்த்தார். பிரதியைப் பிடித்திருந்த கை இறங்கியது. தாள் தண்ணீரில் விழுந்து, எழுத்தெல்லாம் கழன்று மிதந்து போனது.

பிறகு என்னைப் பார்த்தார். மூன்று ஜோடிக் கண்ணாலும் பார்த்தார். நெஞ்சு வரை நனைந்த ஒரு ஆள். பின்னால் யாருமில்லை. கையில் ஒன்றுமில்லை. மூன்று பேராக நிற்கிற ராஜாவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருங்க..." என்றார். குரலில் ராஜா இல்லை. கீழத்தெருக் கனகசபை இருந்தார். "யாருங்க நீங்க?"

ள் இல்லை.

முதலில் என் இடது தோளில் யாரோ இடித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். நான்தான். பின்னால் ஒருவர் இருமினார். அதுவும் நான். கதவருகே இருபது பேர், கன்னத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் நடைபாதையின் ஏழு அங்கமும் நிறைந்தது. நகரம் எரிந்தபோது ஓடியவர்கள் சாம்பலோடு வந்தார்கள். ஆற்றங்கரையில் அழுதவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார்கள். உப்பெடுக்கப் போனவர்கள் காலில் மணலோடு வந்தார்கள். எல்லாருக்கும் என் சட்டை. எல்லாருக்கும் அதே இடத்தில் பித்தான் இல்லை.

கூடத்துக் கதவு சாத்த முடியாமல் போனது. நாங்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தோம்.

நாங்கள் பத்மாசனி அம்மாவைப் பார்த்தோம். கியூ இல்லாமல் நாங்கள் பேசுகிறவர்கள் அல்ல. அவர் நாற்காலிமேல் நேராக நின்றார். வலது கையை உயர்த்தினார். விளக்கு எரிவதால் சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். எங்களுக்கு உதடு படிக்கத் தெரியும்.

'சொல்லுங்க' என்றார்.

"மாட்டோம்."

கூரையில் ஒரு ஓடு எழும்பித் திரும்பி உட்கார்ந்தது. சொல் மைக்குக்குள் போனது. அங்கிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து ஏரிக்கு, ஏரியிலிருந்து இருநூறு வருடம் தள்ளிப் போய்க் கரைமேல் நின்றது. தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. பிறகு இறங்க ஆரம்பித்தது.

கனகசபையின் பக்கத்தில் இரண்டு பேர் கரைந்துபோனார்கள். நடுவில் ஒருவர் மட்டும் நின்றார். இளைத்த மாதிரி இருந்தார். நன்றாகவும் இருந்தார்.

"நான் திரும்பிப் போகிறேன்," என்றார். வசனத்தில் 'நாம் திரும்புகிறோம்' என்று இருந்தது. யாரும் திருத்தவில்லை.

அடுத்தது தாவூதின் முறை. உடையாத ஏரியின் ஓசை. அதற்கு ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். அவன் அதை மிகவும் கவனமாகச் செய்தான். அவ்வளவு நல்ல ஏரியை நாங்கள் கேட்டதில்லை.

சிவப்பு விளக்கு அணைந்தது.

எல்லாரும் பத்மாசனி அம்மாவைப் பார்த்தோம். ராஜாவின் வாயில் பேச்சுத் தமிழ் வந்துவிட்டது. 'யாருங்க நீங்க'. இது காற்றில் போய்விட்டது. இனி வரலாற்றில் அந்த ராஜா அப்படித்தான் கேட்டார்.

அவர் நாற்காலியிலிருந்து இறங்கினார். புடவையைப் பிழிந்தார்.

"டேக் ஓகே," என்றார்.

இப்போது ஏரிக்கரைக் கல்வெட்டில் போய்ப் பார்த்தால் தெரியும். பழைய எழுத்தில், நல்ல ஆழமாக, 'யாருங்க நீங்க' என்று வெட்டியிருக்கிறது. ள் வெட்ட இடம் விட்டிருக்கிறார்கள். வெட்டவில்லை.

*

இருதயராஜ் பீரோவைத் திறந்து முத்திரையோடு ஓடி வந்தார். வரிசையில் நின்றோம். முதல் ஆளைப் பார்த்தார். நடைபாதையின் கடைசி வரை பார்த்தார். பதினாறு வருடம் பூட்டி வைத்திருந்ததைத் திறந்தார்.

"வாங்க," என்றார். "உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

சொல்லச் சொல்ல முகம் சிவந்தது. நிறுத்த முடியவில்லை. வீட்டுக்கு போன் போட்டு மனைவியிடம் "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். நல்ல அழுகை.

பத்மாசனி அம்மா நடிகர் பட்டியலை வாசித்தார். ராஜாவாக கனகசபை. ஓசை தாவூது. "மற்றும்" என்றார். அங்கே நிறுத்தி, வழிவிடுவதுபோல் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "பலர்" என்றார்.

தாவூது வாசல் வரை வந்தான். எங்களை மேலும் கீழும் பார்த்தான்.

"போயிட்டு வா மாப்ள," என்றான்.

நானூற்றுப் பன்னிரண்டு பேரும் கையசைத்தோம்.

தெருவெல்லாம் ஈரம். சுவர்களில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு. மக்கள் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நடுத்தெருவில் நடந்தோம். அவசரப்படவில்லை. எங்கள் காலடி எங்களுக்கே கேட்டது. இத்தனை வருடமும் ஒற்றைக் காலைத் தேய்த்து உண்டாக்கிய சத்தம். நிஜமும் அப்படித்தான் இருந்தது. நாங்கள் சரியாகத்தான் செய்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்தோம். செண்பகவல்லி இன்னும் மொட்டை மாடியில்தான் இருந்தாள். மடியில் ரேடியோ. கீழே எட்டிப் பார்த்தாள். எங்கள் தெரு நிறைந்து, அடுத்த தெருவுக்கும் வழிந்திருந்தது. விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தாள். அவள் விரல் ஒவ்வொருவர்மேலும் வரும்போது ஒவ்வொருவரும் சட்டையைச் சரிசெய்துகொண்டோம்.

"நானூத்திப் பன்னெண்டு," என்றாள்.

"ஆமாம்," என்றோம்.

"கேட்டேங்க."

"எப்படி இருந்துச்சு?"

அவள் ரேடியோவை அணைத்தாள். யோசித்தாள். தெரு முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். "பின்வரிசையில மூணாவது ஆளு மட்டும் ஓம்ல கொஞ்சம் இறங்கிட்டாரு."

பின்வரிசையில் மூன்றாவது ஆள் தலையைக் குனிந்துகொண்டார். மற்ற நானூற்றுப் பதினோரு பேரும் நெஞ்சை நிமிர்த்தி நின்றோம்.